இடது பக்கம் நின்றவள்

எங்கள் பறவைக் குழுவில் ஒரு விதி உண்டு. ஒருவர் மட்டும் பார்த்த பறவை, பார்த்த பறவை ஆகாது. பயணம் முடிந்ததும் எல்லோரும் ஓரிடத்தில் உட்கார்வோம். தலைவர் ஒவ்வொரு பெயராகச் சொல்வார். பார்த்தவர்கள் கையைத் தூக்க வேண்டும். இரண்டு கைகளாவது எழுந்தால் அந்தப் பறவை பதிவில் சேரும். ஒரு கைதான் என்றால் சேராது. படம் எடுத்திருந்தால் மட்டும் விதிவிலக்கு.

தலைவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். இப்போதும் எல்லோருக்கும் அவர் மேனேஜர்தான். "ஜாயின்ட் அக்கவுண்ட் மாதிரிம்மா இது. ஒரு கையெழுத்து போதாது," என்பார்.

இந்த விதியின்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் வேலை பார்ப்பது தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் இரண்டு முறை எடுத்துச் சோதிப்போம். இரண்டும் ஒத்துப்போனால்தான் முடிவு வெளியே போகும். ஒரே முறை வந்த எண்ணை அங்கே யாரும் நம்புவதில்லை. நானும் நம்பமாட்டேன்.

ஆனால் போன வருடம் ஒரு கழிமுகத்தில், எல்லோரும் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, நாணல்களுக்கு மேலே நான் ஒரு பருந்தைப் பார்த்தேன். அந்தப் பக்கம் வரவே வராத பருந்து. மாலையில் மேனேஜர் கேட்டபோது ஒரு கை எழுந்தது. அது என்னுடையது. பக்கத்தில் யாராவது தூக்குவார்களா என்று பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் அதை இறக்காமல் வைத்திருந்தேன். அன்றிலிருந்து குழுவில் என் பெயர் ஒத்தக்கை. வைத்தவர் பீரங்கி. அவருக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது அவருடைய கேமராவின் நீளம்.

பதிவில் பறவையின் பெயருக்கு நேரே முதலில் பார்த்தவரின் பெயர் இருக்கும். என் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. ஒரே ஒரு பறவைக்கு நேரே அது வந்துவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதனால் இந்த வருடம் அண்ணனைக் கூப்பிட்டேன். "நீ பறவை எல்லாம் பார்க்க வேணாம். என் பக்கத்துல நின்னு, நான் கைகாட்டுற இடத்தைப் பார்த்தா போதும். எனக்கு ஒரு கை வேணும்," என்றேன். அண்ணன் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் இருக்கிறான். வருடத்தில் பாதிக்கு மேல் கடலில். விடுமுறைக்கு வந்ததும் நிச்சயம் வருவதாகச் சொன்னான். டிக்கெட் வாங்கிய பிறகு அவன் குரல் மட்டும் போனில் வந்தது. "லீவு தள்ளிப் போயிடுச்சு. டிக்கெட்டை யாருக்காவது குடுத்துடு. கடல்ல என்ன இருக்கு பார்க்க? வெறும் தண்ணி."

அதே செய்தி அண்ணிக்கும் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் தட்டைக் கழுவ எடுத்தபடி அண்ணி கேட்டார்.

"அந்தக் கை... நான் வந்து தூக்கலாமா?"

அண்ணியும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்று சொல்வதைவிட, ஒரே வீட்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம் என்று சொல்வது சரியாக இருக்கும். நான் காலையில் சீக்கிரம் கிளம்புவேன். அண்ணி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். கடை அடைத்துவிட்டு வரும்போது நான் பெரும்பாலும் படுத்திருப்பேன். ஈரத் துண்டு, கவிழ்த்து வைத்த தம்ளர், மூடி வைத்த சாப்பாடு. இவற்றை வைத்துத்தான் அண்ணி இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். என்னைப் பற்றியும் அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்க வேண்டும். சண்டை எதுவும் இல்லை. அண்ணன் நடுவில் இல்லாதபோது பேச என்ன இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

பயணத்துக்கு முந்தைய வாரம் பறவைப் படங்களை அச்செடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். இந்தக் கடற்கரையில் வரக்கூடியவை மட்டும். அண்ணி பால் எடுக்கும்போதெல்லாம் ஒன்றைப் படித்தார்.

"இது எது? காக்காய்க்கு வெள்ளை அடிச்ச மாதிரி."

"ஆலா. இது வேற, இது வேற ஆலா."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"அலகு பாருங்க அண்ணி. ஒண்ணுக்கு நுனி கருப்பு."

"நல்ல பொழப்பு. இந்தக் குட்டிப் பறவை?"

அது புயல்பறவை. உள்ளங்கை அளவுதான் இருக்கும். உடம்பு முழுக்கக் கருப்பு. வால் தொடங்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் பட்டை. கால்களைத் தொங்கவிட்டுத் தண்ணீரின்மேல் நடப்பதுபோல் பறக்கும். நடுக்கடலில் வாழ்வது. எங்கள் குழு அதை இதுவரை பார்த்ததில்லை. "இது கண்ணுல பட்டா பெரிய விஷயம்," என்றேன். அண்ணி அந்தப் படத்தின் முன் கொஞ்சம் கூடுதலாக நின்றார்.

"ஒண்ணு சொல்றேன் அண்ணி. தெரியலன்னா தெரியலன்னுதான் சொல்லணும். எனக்காகப் பார்த்தேன்னு சொல்லிடக் கூடாது."

அண்ணி சிரித்தார். "என்கிட்டயே சொல்றியா? கடையில நாள் பூரா நான் சொல்றதே அதுதான். கடைசி வரிசை தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கறேன். ஒரு ஆளு சொல்ல மாட்டான். ஏதோ பரீட்சையில ஃபெயில் ஆகுற மாதிரி, குத்துமதிப்பா ஒரு எழுத்தைச் சொல்லிடுவான். அப்புறம் கண்ணாடி சரியில்லன்னு திரும்பி வருவான்."

பறவை பார்க்க வருபவர்களும் குறைந்துவிட்டார்கள், திமிங்கலம் பார்க்க வருபவர்களும் குறைந்துவிட்டார்கள் என்று இந்த வருடம் படகுக்காரர்கள் இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகக் கட்டியிருந்தார்கள். காலையில் சேற்றுக்கரையில் பறவைகள். பிறகு படகில் ஏறிப் பாறைத் தீவைச் சுற்றிவிட்டு, ஆழத்துக்குப் போய்த் திமிங்கலம்.

சேற்றுக்கரையில் கடல் பின்வாங்கியிருந்தது. மேனேஜர் முக்காலியில் தொலைநோக்கியை நிறுத்தி, ஒவ்வொருவராகப் பார்க்க வைத்தார். திமிங்கலக் கூட்டத்தினரும் வரிசையில் நின்றார்கள். "வலது கோடியில, அந்தக் கட்டைக்குப் பின்னாடி, அலகு மேல்நோக்கி வளைஞ்சு ஒண்ணு நிக்குது, தெரியுதா?" என்று மேனேஜர் கேட்க, ஒவ்வொருவரும் கண்ணை வைத்த உடனே "ஆமா, ஆமா, அழகா இருக்கு," என்று சொல்லி நகர்ந்தார்கள்.

அண்ணியின் முறை வந்தது.

"தெரியுதாம்மா?"

"தெரியல."

மேனேஜர் குனிந்து சரிசெய்தார். "இப்போ?"

"கட்டை தெரியுது. பறவை தெரியல."

"நல்லாப் பாருங்க."

"நல்லாத்தான் பார்க்கறேன். தெரியல சார்."

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. மேனேஜர் தானே கண்ணை வைத்துப் பார்த்தார். பறவை எப்போதோ நடந்து போய்விட்டிருந்தது. அதற்குப் பிறகு பார்த்த ஐந்தாறு பேரும் வெறும் கட்டையைத்தான் அழகாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.

"இந்தம்மா ஒருத்தர்தான் உண்மை பேசறவங்க," என்றார் மேனேஜர்.

"ஒத்தக்கை, இந்த வாட்டி சாட்சியைக் கையோட கூட்டிட்டு வந்துட்டியா?" என்றார் பீரங்கி. "நல்ல சாட்சிதான். உனக்கு எதிராவே சொல்லும் போல."

அண்ணி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஒத்தக்கை என்பது யார் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. பிறகு கரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளான்கள் சிறு கூட்டமாக அலையின் ஓரம் ஓடி, நின்று, திரும்பி ஓடிக்கொண்டிருந்தன.

"இதுங்க எல்லாம் எதையோ தொலைச்சிட்டுத் தேடுற மாதிரியே இருக்கு," என்றார் அண்ணி.

படகில் ஏறியதும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகளைக் கொடுத்தார்கள். கேப்டன் பருத்த மனிதர். ஒலிபெருக்கியில் பேசினார். "பறவைக்காரங்க, திமிங்கலக்காரங்க, எல்லாருக்கும் வணக்கம். ஒரே ஒரு வேண்டுகோள். ஏதாவது தெரிஞ்சதும் எல்லாரும் ஒரே பக்கம் ஓடாதீங்க. ஓடினா திமிங்கலத்தை ரொம்பக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். தண்ணிக்குள்ள."

எல்லோரும் சிரித்தார்கள்.

பாறைத் தீவில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன. திமிங்கலக் கூட்டம் இரண்டு நிமிடத்தில் சலித்துப்போய் போனை எடுத்தது. ஆழத்துக்குப் போகப் போகக் கரை ஒரு கோடாகி, பிறகு அதுவும் இல்லாமல் ஆனது. இப்போது பறவைக் கூட்டத்துக்குச் சலிப்பு. பீரங்கி பீரங்கியைத் துடைத்தார். அண்ணி கம்பியைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் குமட்டும் என்று நினைத்து எலுமிச்சை மிட்டாய் கொண்டுவந்திருந்தேன். நீட்டினேன். வாங்கி, வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"உங்க அண்ணன் அனுப்புற படம் எல்லாம் இப்படித்தான் இருக்கும்," என்றார். "ஒரு படத்துலயும் ஒண்ணும் இருக்காது."

"இங்க பறவை வரும் அண்ணி," என்றேன்.

திமிங்கலம் வலது பக்கம் எழுந்தது.

நான் அதைப் பார்க்கவில்லை. முதலில் வந்தது சத்தம். பெரிய டயரிலிருந்து காற்று ஒரேயடியாக வெளியேறுவதுபோல. பிறகு படகு முழுக்க ஓடும் கால்களின் சத்தம். அண்ணி என் பக்கத்திலிருந்து போனதைக்கூட நான் கவனிக்கவில்லை. படகு வலது பக்கம் நன்றாகவே சாய்ந்தது. ஒலிபெருக்கியில் கேப்டன், "கொஞ்சப் பேர் இடது பக்கமே இருங்க, அது அந்தப் பக்கமும் வரும், இடது பக்கம் ஆள் வேணும்," என்று கத்தினார்.

யாரும் திரும்பவில்லை. நான் நின்றேன். யாராவது இருங்கள் என்று சொன்னால் அது எனக்குத்தான் சொல்லப்பட்டது என்று எனக்குத் தோன்றும். முதுகுகளுக்குப் பின்னால் எம்பிப் பார்க்கவும் எனக்கு வராது. மீன் அழுகிய வாடை ஒன்று காற்றில் வந்து போனது. அதன் மூச்சாக இருக்க வேண்டும். ஆரஞ்சு முதுகுகள் ஒரு சுவர்போல நின்றன. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போதுதான் அது வந்தது.

இரண்டு அலைகளுக்கு நடுவில், சாம்பல் நிறத்தில், சின்னதாக. இருநோக்கியை எடுத்தேன். நீண்ட கால்களைத் தொங்கவிட்டு, தண்ணீரை உதைத்து, இடது பக்கம் ஒரு துள்ளல், வலது பக்கம் ஒரு துள்ளல். நடக்கவில்லை, தண்ணீர் அதைத் திரும்பத் திரும்ப மேலே எறிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். என் பக்கம் திரும்பியது. முகம் வெள்ளை. கண்ணின் மேல் மட்டும் ஒரு கருப்புப் பட்டை, முகமூடி போல. மறுபடி திரும்பியது. வெள்ளை முகம்தான். வால் தொடங்கும் இடத்தைப் பார்த்தேன். அங்கே வெள்ளை இல்லை, சாம்பல்.

ஃப்ரிட்ஜ் கதவில் இதன் படம் கிடையாது. இந்தக் கடலில் இதை யாரும் பார்த்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

"அண்ணி," என்றேன்.

என் குரல் தூரம் போகும் குரல் அல்ல. போன் லைஃப் ஜாக்கெட்டுக்கு உள்ளே, ஜிப் போட்ட பையில் இருந்தது. அதை எடுக்க வேண்டுமென்றால் பறவையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டும். எடுத்தால் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது.

"அண்ணி, இங்க வாங்க. சீக்கிரம்."

இந்த முறை சத்தமாகவே கூப்பிட்டேன். பின்னால் யாரும் வரவில்லை. பறவை ஓர் அலையின் மேல் ஏறி, அடுத்த பள்ளத்தில் இறங்கியது. அடுத்த அலை வந்தது. அதற்கடுத்த அலையும் வந்தது. பறவை வரவில்லை. அதே நேரம் வலது பக்கத்திலிருந்து எல்லோருடைய தொண்டையிலிருந்தும் ஒரே ஓசை எழுந்தது. திமிங்கலம் வாலைத் தூக்கியிருக்கும். நான் திரும்பியபோது முதுகுகளின் இடைவெளியில், எண்ணெய் தடவியதுபோல் வழுவழுப்பான ஒரு வட்டம் மட்டும் தண்ணீரில் கலைந்துகொண்டிருந்தது.

ஆட்கள் கலைந்தார்கள். அண்ணி மட்டும் கம்பியை விட்டு நகரவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். தலைமுடி எல்லாம் நனைந்திருந்தது.

"அண்ணி, நான் ஒண்ணு பார்த்தேன். புயல்பறவை."

அவர் எங்கிருந்தோ வருவதுபோல் என்னைப் பார்த்தார். "ஃப்ரிட்ஜ்ல இருக்கே, அதுவா?"

அது இல்லை, இது வேறு என்று சொல்ல வாயைத் திறந்தேன். பீரங்கி கேமராவை எங்கள் இருவருக்கும் நடுவில் நீட்டினார். "பாருங்க, பாருங்க. வாலைப் பாருங்க. ஒவ்வொரு சொட்டும் தெரியுது." சின்னத் திரையில், கட்டைவிரல் அகலத்துக்கு, கருப்பாக ஒரு வால் இருந்தது. நான் திமிங்கலத்தைப் பார்த்தது அப்படித்தான். பிறகு எஞ்சினைக் கிளப்பிவிட்டார்கள். கரை வரைக்கும் பேச முடியாத இரைச்சல்.

படகுத்துறை டீக்கடையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். திமிங்கலக் கூட்டமும் தம்ளரோடு வந்து சுற்றி நின்றது. மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"முதல்ல பெரியவரை முடிச்சிடுவோம். திமிங்கலம்?"

எல்லாக் கைகளும் எழுந்தன. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்கூடக் கரண்டியைத் தூக்கினார். சிரிப்பு. என் கையும் தோள் உயரத்துக்கு எழுந்திருந்தது. அது எப்போது எழுந்தது என்று எனக்குத் தெரியாது. அத்தனை கைகளுக்கு நடுவில் யாரும் எதையும் சரிபார்ப்பதில்லை. அண்ணி மட்டும் என் கையைப் பார்த்தார்.

பிறகு ஆலாக்கள், உள்ளான்கள், நீர்க்காகங்கள். கடைசியில் மேனேஜர், "வேற ஏதாவது?" என்றார்.

"புயல்பறவை," என்றேன். "இடது பக்கம். திமிங்கலம் வந்தப்போ."

நாற்காலிகள் கிரீச்சிட்டன. பீரங்கி மெதுவாக, "ஆஹா," என்றார். "திமிங்கலம் வந்தப்போ இவ ஒருத்தி மட்டும் குருவி பார்த்துட்டு இருந்திருக்கா. ஒத்தக்கை, ஊரோட ஒத்து வாழவே மாட்டியா?"

"இன்னொரு கை?" என்றார் மேனேஜர்.

நான் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ நிமிர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"நானும் பார்த்தேன்," என்றார் அண்ணி. கை நேராக எழுந்து நின்றது.

குழுவில் இதற்கும் ஒரு முறை உண்டு. புதுப் பறவை என்றால் முதலில் பார்த்தவர் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டாமவர்தான் தான் பார்த்ததை முதலில் சொல்ல வேண்டும். பிறகு முதலாமவர் ஒப்புக்கொள்ள வேண்டும். மேனேஜர் என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துவிட்டு, அண்ணியின் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்கம்மா."

"சின்னது சார். உள்ளங்கை அளவுதான் இருக்கும். காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு, தண்ணி மேல நடக்கற மாதிரி பறந்துச்சு."

மேனேஜரின் முகம் மாறியது. "நிறம்?"

"உடம்பு பூராக் கருப்பு. வால் தொடங்குற இடத்துல வெள்ளையா ஒரு பட்டை."

ஒவ்வொரு சொல்லும் என்னுடையது. ஃப்ரிட்ஜ் கதவின் முன் நான் சொன்ன அதே வரிசை. அண்ணி என்னைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையைப் படிப்பவர்கள்போல் மேனேஜரின் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"புத்தகத்துல இருக்கிற மாதிரியே சொல்றாங்களே," என்றார் பீரங்கி. கிண்டல் போல இல்லை.

"காலையில மூணு தடவை தெரியலன்னு சொன்னவங்கப்பா இவங்க," என்றார் மேனேஜர். "இவங்க பார்த்தேன்னா பார்த்ததுதான். வெள்ளைப் பட்டை, கருப்பு உடம்பு. சந்தேகமே இல்ல." பேனா மூடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் என்னைப் பெருமையோடு பார்த்தார். "சரிதானேம்மா?"

ஆமாம் என்றால் போதும். என் பெயர் ஏறிவிடும். நான் பார்க்காத ஒரு பறவைக்கு நேரே.

இல்லை, முகம்தான் வெள்ளை என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அண்ணி எழுப்பிய கை என்னவாகும் என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் புரியும். பரிசோதனைக் கூடத்தில் இரண்டு முடிவுகள் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது முறை எடுத்துச் சோதிப்போம். பாட்டிலில் தண்ணீர் மீதி இருக்கும். இங்கே மீதி எதுவும் இல்லை.

"இல்ல சார்," என்றேன். "அண்ணி பார்த்தது அதுவா இருக்கலாம். நான் சரியாப் பார்க்கல. தூரத்துல ஏதோ சின்னதா போச்சு, அவ்வளவுதான். என் கையை எடுத்துக்கறேன்."

"நீதானம்மா முதல்ல சொன்ன?"

"ஆசையில சொல்லிட்டேன் சார்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ அவங்க கை ஒண்ணுதான் இருக்கு. ஒண்ணு போதாது." பேனாவை மூடினார்.

"ஒத்தக்கை குடும்பம்," என்றார் பீரங்கி. எல்லோரும் சிரித்தார்கள். பொல்லாத சிரிப்பு இல்லை. அண்ணியின் கை மெல்ல இறங்கி, டீ தம்ளரைப் பிடித்தது.

பேருந்தில் அண்ணி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. முன் இருக்கைகளில் திமிங்கலம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது; ஆளுக்கு ஒரு நீளம் சொன்னார்கள்.

"ஒரு வார்த்தை," என்றார் அண்ணி, ஜன்னலைப் பார்த்தபடியே. "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"முகம் வெள்ளை அண்ணி."

"என்ன?"

"வால் கிட்ட இல்ல. முகம்தான் வெள்ளை. கண்ணுக்கு மேல கருப்பு."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "நீ ஒட்டின படத்துல அப்படி ஒண்ணு இல்லையே."

"இல்ல. அது இங்க வராது."

அவர் "வெள்ளை முகம்," என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். நான் மீதியையும் சொல்லத் தொடங்கினேன். கால்கள், துள்ளல், தண்ணீர் அதை எறிந்த விதம். அவர் தலையாட்டினார். கடையில் யாராவது தலைவலியைப் பற்றிச் சொல்லும்போதும் அப்படித்தான் தலையாட்டுவாராக இருக்கும். பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"நீ கூப்பிட்டது கேட்டுச்சு," என்றார். "ரெண்டு தடவை கூப்பிட்ட."

"பரவாயில்ல அண்ணி."

"திரும்பினா திமிங்கலம் போயிடும்னு தோணுச்சு. அதனால திரும்பல. வேணும்னுதான் திரும்பல." பிறகு, "நீ திமிங்கலத்தைப் பார்க்கல. ஆனா கை தூக்கின," என்றார்.

"சத்தம் கேட்டேன்."

"நான் உன்கிட்ட சொல்றேன், அது எப்படி இருந்துச்சுன்னா..." என்று ஆரம்பித்தார். கையை அகலமாக விரித்தார். முன் இருக்கையின் முதுகில் இடித்தது. கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். "இல்ல, வரல. சொல்ல வரல."

எலுமிச்சை மிட்டாய் இன்னும் அவர் உள்ளங்கையிலேயே இருந்தது. காகிதம் ஈரத்தில் ஒட்டிப்போயிருந்தது. அதைப் பிரிக்கப் பார்த்து, முடியாமல் பையில் போட்டார். பிறகு போனை எடுத்து, வாய்க்கு நெருக்கமாக வைத்து, அண்ணனுக்குப் பேசிப் பதிவு செய்தார். அண்ணனோடு பேசும்போது அவர் குரல் வேறாக இருக்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. சின்னப் பெண்ணின் குரல்போல இருந்தது.

"இங்க பாருங்க, கடல்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லுவீங்களே. திமிங்கலம் வந்துச்சு. எங்க படகுக்குப் பக்கத்துலயே வந்துச்சு. நிஜமாத்தான். நாங்க ரெண்டு பேருமே பார்த்தோம்."

விரலைத் திரையிலிருந்து எடுக்காமல் போனை என் வாய்க்கு நேரே நீட்டினார். கண்ணால் கேட்டார். 'நான் மட்டும் சொன்னால் நம்பமாட்டார், நீயும் சொல்.'

"ஆமாண்ணா," என்றேன். "நானும் பார்த்தேன். ரொம்பப் பெருசு."

செய்தி போனது. ஒற்றை டிக் மட்டும் விழுந்தது. அண்ணன் சிக்னல் இல்லாத தூரத்தில் எங்கோ, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, எஞ்சின் அறையில் இருப்பான். அண்ணி கொஞ்ச நேரம் அந்த ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை. இமைகளுக்குள் கண் அசைந்துகொண்டிருந்தது. திமிங்கலத்தைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

நானும் கண்ணை மூடினேன். சாம்பல் அலை, தொங்கும் கால்கள், ஒரு துள்ளல். திரும்பியது. வெள்ளை முகம். சரியாக இருந்தது. இன்னொரு முறை முதலிலிருந்து ஓட்டினேன். துள்ளல், திரும்புதல், முகம். பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. என் தலைக்குள் அண்ணியின் குரல் மேனேஜரிடம் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

எங்கள் தெருமுனையில் இறங்கும்போது மனதுக்குள் மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன். முகம் வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் அது திரும்பிப் போகும்போது, வால் தொடங்கும் இடத்தில், மங்கலாக, ஒரு வெள்ளைப் பட்டை வரத் தொடங்கியிருந்தது.